பத்ரிநாத் சாலையில் மலையைப் படிப்பது எப்படி

ரிஷிகேஷிலிருந்து பத்ரிநாத் போகும் பஸ்ஸில் நம் ஊர் ஆட்கள் பெரும்பாலும் பீபல்கோட்டி தாண்டியதும் கண்ணயர்ந்துவிடுகிறார்கள். குறை சொல்ல முடியாது. விடியற்காலையில் எழுப்பி உட்கார வைத்திருப்பார்கள், வளைவுக்கு வளைவு தலை சுற்றும். ஆனால் இமயமலை எப்படி எழுந்தது என்பதற்கான சாட்சியம் பெரும்பகுதி அந்தத் தூக்கத்தில்தான் ஜன்னலைக் கடந்து போகிறது. பீபல்கோட்டிக்கும் மானா கிராமத்துக்கும் இடையே சாலைக்காக வெட்டிய பாறை முகங்களைப் பார்க்கத் தெரிந்தால், பூமிக்குள் பல பத்து கிலோமீட்டர் ஆழத்தில் நடந்ததைக் காரை நிறுத்தி நிறுத்திப் படித்துவிடலாம்.

நான் நிலவியல் படித்தவள். சம்பளம் வாங்கியதென்னவோ கல் வியாபாரத்தில்தான்: மேலூர்ப் பக்கம் குவாரிகளில் பிளாக் தரம் பார்க்கும் வேலை. பத்ரி சாலையில் அத்தையோடு திவ்யதேச யாத்திரையாகவும் போயிருக்கிறேன், காம்பஸும் நோட்டுமாகத் தனியாகவும் போயிருக்கிறேன். நிலவியல் பட்டம் இல்லாத, ஆனால் ஒரு கல்லின் முன்னால் பத்து நிமிஷம் நிற்கத் தயாராக இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கே சுற்றினாலும் ஒரே கேள்விக்குத்தான் திரும்பி வருவேன்: இந்தப் பாறை முதலில் உருகியதா, முதலில் இழுபட்டதா? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மலைத்தொடர் ஏன் இப்படி நிற்கிறது என்பதில் பாதி புரிந்துவிடும்.

எடுத்துப் போக வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், காம்பஸ் (செல்போனில் இருப்பதே போதும்), நோட்டு, பென்சில், அளவுக்கு ஒரு ரூபாய் நாணயம், செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டில். சிரிக்காதீர்கள், இந்தப் பட்டியலில் முக்கியமானது பாட்டில்தான். காய்ந்த பாறை சாம்பல் நிறத்தில் எல்லாம் ஒன்றாகத் தெரியும். நனைத்ததும் வரி வரியாக எழுந்து வரும். குவாரியில் பிளாக் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பதே தண்ணீர்தான்.

சுத்தியல் வேண்டாம். சாலை அகலப்படுத்தியதில் உடைந்து கிடக்கும் புதுக் கற்களே ஏராளம். ஆனால் புதிதாக வெட்டிய சரிவுக்கு நேர் கீழே நிற்காதீர்கள். மழைக்காலத்தில் போகவே போகாதீர்கள். மே, ஜூன் முதல் பாதி, இல்லையென்றால் அக்டோபர். நவம்பர் நடுவில் கோயில் நடை சாத்திவிடுவார்கள். கிளம்பும் முன் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் அந்தப் பகுதி வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். டேராடூன் வழியாகப் போகிறவர்கள் அங்குள்ள வாடியா இமயமலை நிலவியல் நிறுவன அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் செலவிட்டால் கல்லின் பெயர்கள் கண்ணுக்குப் பழகிவிடும்.

முதலில் கொஞ்சம் கணக்கு

இந்தியா ஆசியாவோடு மோதத் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி வருஷமாகிறது. சாதாரணக் கண்ட மேலோடு 35, 40 கிலோமீட்டர் தடிமன். திபெத்துக்குக் கீழே அது 70 கிலோமீட்டர் அளவுக்கு இருக்கிறது. ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து அடுக்கிய பாறையில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் எல்லாம் இருக்கின்றன. அவை சிதையும்போது வெளிப்படும் வெப்பம் சொற்பம்தான், ஆனால் தடித்த மேலோட்டுக்குள் மாட்டிக்கொண்டு வெளியே போக வழி இல்லாமல் சேர்ந்துகொண்டே வரும். சூடேற கோடிக்கணக்கான வருஷம் எடுக்கும். இமயத்தின் வெள்ளை கிரானைட்டுகள் பெரும்பாலும் 2.4 கோடியிலிருந்து 1.5 கோடி வருஷத்துக்கு முற்பட்டவை. மோதலுக்கும் உருகலுக்கும் நடுவே உள்ள அந்த நீண்ட இடைவெளிக்கு முக்கியக் காரணம் இந்த மெதுவான சூடேற்றம்.

எந்த வெப்பத்தில் உருகும்? தண்ணீர் தாராளமாக இருந்தால் கிரானைட் போன்ற பாறை 650 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருக ஆரம்பிக்கும். ஆழத்தில் தனித் தண்ணீர் அவ்வளவு கிடையாது. காக்காப்பொன்னுக்குள், அதாவது மைக்காவுக்குள், பூட்டிக் கிடக்கும் தண்ணீர்தான் வெளிப்பட வேண்டும். வெள்ளை மைக்கா ஏறக்குறைய 700 முதல் 750 டிகிரியில் உடைந்து உருகலைத் தொடங்கிவைக்கும். கறுப்பு மைக்கா 800 தாண்டும்வரை பொறுக்கும். இன்னொன்று: சூடான பாறை மேலே ஏறும்போது அழுத்தம் குறைகிறது. அதுவே வெள்ளை மைக்காவை உடைக்கப் போதும். அதாவது, புதிதாகச் சூடேற்றாமலே, மலை எழும் வேகத்திலேயே பாறை உருகலாம். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எல்லை எங்கே தொடங்குகிறது

பீபல்கோட்டி சுற்றுவட்டாரத்தில் பார்ப்பது சுண்ணாம்புக்கல், டோலமைட், ஸ்லேட். அதிகம் வேகாத பாறைகள். அப்புறம் ஹேலாங்கை நெருங்கும்போது பாறையின் முகமே மாறும். மெல்லிய இலைகளாகப் பிளக்கும் சிஸ்ட், வெள்ளை ஃபெல்ட்ஸ்பார் உருண்டைகள் பதிந்த வரிப்பாறையான ஆகன் நைஸ், அங்கங்கே கறுப்புப் பட்டைகள். இங்கிருந்து ஜோஷிமட் பக்கம் வரை நீங்கள் ஒரு பெரிய ஷியர் மண்டலத்துக்குள் இருக்கிறீர்கள். ஷியர் மண்டலம் என்றால், ஒரு பாறைத் திரள் இன்னொன்றின்மேல் உரசி நகரும்போது அந்த நகர்வை வாங்கிக்கொண்டு நசுங்கி இழுபட்ட பகுதி. மேலோட்டின் மேல் பகுதியில் பாறை உடையும். கீழே சூட்டில் உடையாமல் இழுபடும். குவார்ட்ஸ் 300 டிகிரி வாக்கில் இழுபடத் தொடங்கிவிடும், ஃபெல்ட்ஸ்பாருக்கு 450, 500 ஆவது வேண்டும். அதனால்தான் ஆகன் நைஸில் குவார்ட்ஸ் ரிப்பனாகவும் ஃபெல்ட்ஸ்பார் உருண்டையாகவும் நிற்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரே கல்லில் தெரிந்தால் அந்த இழுபறி எந்த வெப்பத்தில் நடந்தது என்று தோராயமாகச் சொல்லிவிடலாம்.

1936இல் அர்னால்ட் ஹைம், அகஸ்டோ கான்ஸர் என்ற இரண்டு ஸ்விட்சர்லாந்துக்காரர்கள் இந்தப் பகுதிகளில் நடந்தார்கள். கான்ஸர் யாத்ரிகர் வேஷத்தில் கைலாசம் வரை போனவர். அவர்கள் 1939இல் வெளியிட்ட நூலில்தான் இந்த எல்லைக்கு மெயின் சென்ட்ரல் திரஸ்ட் என்ற பெயர் வருகிறது. திரஸ்ட் என்றால், ஒரு பாறைத் திரள் இன்னொன்றின்மேல் ஏறி வந்த தளம். பிறகு குமாவுன் மலைகளை வாழ்நாள் முழுக்க வரைபடமாக்கிய கே. எஸ். வால்தியா இதைக் கீழே முன்சியாரி திரஸ்ட், மேலே வைக்ருதா திரஸ்ட் என்று பிரித்து, மேலே உள்ளதே உண்மையான எல்லை என்றார். எது உண்மையான கோடு என்ற சண்டை இன்னும் முடியவில்லை. நீங்கள் அந்தச் சண்டைக்குள் போக வேண்டாம். கோட்டைத் தேடாதீர்கள், பல கிலோமீட்டர் தடிமனுள்ள பட்டையைத் தேடுங்கள்.

பட்டைக்குள் வந்துவிட்டீர்களா என்று பார்க்க எளிய வழி, கனிமங்களைக் கவனித்துக்கொண்டே மேலே போவது. கறுப்பு மைக்கா, அப்புறம் சிவப்புக் கார்னெட், அப்புறம் நீலச் சாயல் கொண்ட தட்டையான கயனைட், இன்னும் மேலே நார் நாரான சில்லிமனைட். இந்த வரிசை வெப்பம் ஏறும் வரிசை. பூமிக்குள் கீழே போகப் போகத்தானே சூடு? இங்கே மேலே ஏற ஏற அதிகம் வெந்த பாறை வருகிறது. ஆழத்தில் வெந்த திரளை வேகாத திரளின்மேல் நூறு கிலோமீட்டருக்கும் மேலாக ஏற்றிக் கொண்டுவந்திருப்பதும், அந்த ஏற்றத்தில் சூட்டு அடுக்குகளே ஷியரில் இழுபட்டதும் சேர்ந்து இப்படித் தலைகீழாகக் காட்டுகின்றன. தபோவனத்தில் வெந்நீர் ஊற்று, பத்ரிநாத்தில் தப்த குண்டம், கேதார் வழியில் கௌரி குண்டம்: வெந்நீர் கிடைக்கும் இடங்களை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள், இந்தப் பட்டையும் அதற்கு மேலுள்ள பாறையும் எங்கே ஓடுகின்றன என்று தெரியும். வெடிப்புகள் வழியே ஆழமாக இறங்கும் மழைத்தண்ணீர் இன்னும் சூடு ஆறாத பாறையைத் தொட்டுத் திரும்புகிறது.

(2023 ஜனவரியில் ஜோஷிமட் வீடுகள் விரிசல் விட்டபோது பலரும் திரஸ்ட்டைக் கைகாட்டினார்கள். நசுங்கிய பாறை பலவீனமானது என்பது சரி. ஆனால் ஊர் உட்கார்ந்திருப்பது பழைய நிலச்சரிவு மண்மேல் என்று 1976லேயே மிஸ்ரா குழு எழுதிக் கொடுத்துவிட்டது. எல்லாப் பழியையும் மலைமேல் போடுவது சுலபம்.)

எந்தப் பக்கம் நகர்ந்தது

இதுதான் பழக நேரமெடுக்கும் பகுதி. அவசரப்படாமல் செய்யுங்கள்.

முதலில் பாறை இலை இலையாகப் பிளக்கும் தளத்தைக் கண்டுபிடியுங்கள். அந்தத் தளத்தின்மேல் தண்ணீர் தெளித்து, தலையைச் சாய்த்து, வெளிச்சம் குறுக்கே விழும்படி பாருங்கள். கனிமங்கள் ஒரு திசையில் நீண்டு கோடு போட்டிருக்கும். கல் தச்சர்கள் நீரோட்டம் என்று சொல்வதற்குப் பக்கத்து உறவு இது. இந்தக் கோடுதான் நகர்வின் பாதை. ஹேலாங், ஜோஷிமட் பகுதியில் அது பொதுவாக வடக்கு, வடகிழக்கு நோக்கி இறங்கும்.

பாதை தெரிந்துவிட்டது, போனது வடக்கா தெற்கா என்று இன்னும் தெரியாது. அதற்கு வேறு முகம் வேண்டும்: அந்தக் கோட்டுக்கு இணையாகவும், இலைத்தளத்துக்குச் செங்குத்தாகவும் வெட்டிய முகம். வேறு எந்த முகத்தைப் பார்த்தாலும் பாறை உங்களை ஏமாற்றும். சாலை வளைந்து வளைந்து போவதால் ஒன்றிரண்டு வளைவுக்குள் சரியான முகம் கிடைத்துவிடும்.

இப்போது ஒரு ஃபெல்ட்ஸ்பார் உருண்டையைத் தேர்ந்தெடுங்கள். இரு பக்கமும் அதற்கு வால் இருக்கும், மெல்லிய துகள்களால் ஆன வால். இரண்டு வாலும் ஒரே மட்டத்தில் இருக்காது. ஒன்று உருண்டையின் மேல்தலையிலிருந்து கிளம்பும், மற்றது அடியிலிருந்து. மேல் வால் எந்தப் பக்கம் நீள்கிறதோ, மேலே இருக்கும் பாறை அந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. மேற்கைப் பார்த்து நின்றால் உங்கள் இடது கைப் பக்கம் தெற்கு. ஹேலாங்கில் மேல் வால்கள் இடப்பக்கம் நீள்வதைப் பார்ப்பீர்கள். மேல் திரள் தெற்கே ஏறி வந்தது.

ஒரே உருண்டையை நம்பக் கூடாது. குறைந்தது பத்துப் பன்னிரண்டை எண்ணி, எது எத்தனை என்று நோட்டில் போடுங்கள். அதோடு மைக்கா இலைகளையும் பாருங்கள். ஷியர் மண்டலத்தில் இலைகள் இரண்டு சாய்வில் இருக்கும். ஒன்று நகர்வுத் தளத்துக்கு இணையானது, மற்றது அதற்குக் குறுக்கே சாய்ந்தது. சாய்ந்த இலைகளின் மேல்நுனி எந்தப் பக்கம் குனிந்திருக்கிறதோ, மேல் பாறை அந்தப் பக்கம் போனது. நிலவியல்காரர்கள் இதை எஸ், சி என்ற இரண்டு எழுத்தால் குறிப்பார்கள். மூன்றாவதாக, இரண்டையும் வெட்டிக்கொண்டு நகர்வுத் திசையில் கீழ்நோக்கிச் சரியும் சின்னச் சின்னப் பட்டைகள் இருக்கும். இவற்றை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். உருகிய பாறை போய் ஒளிந்துகொள்ளும் இடம் இவைதான்.

மடிப்புகளை வைத்து மட்டும் திசை சொல்லாதீர்கள். மடிப்பு பார்க்க அழகாக இருக்கும், போட்டோவுக்கு நல்லது. சாட்சிக் கூண்டில் ஏற்றினால் இரண்டு பக்கமும் பேசும்.

உருகியதா, இல்லையா

பாண்டுகேஷ்வரின் குவார்ட்சைட் பகுதியைத் தாண்டி பத்ரிநாத் பக்கம் ஏறும்போது சில்லிமனைட் வருகிறது, நைஸுக்குள் வெள்ளைக் கோடுகள் பெருகுகின்றன. பாதி உருகி அப்படியே உறைந்துபோன பாறை இது. மிக்மடைட் என்று 1907இல் பெயர் வைத்தவர் பின்லாந்தின் செடர்ஹோம்.

எல்லா வெள்ளைக் கோடும் உருகலல்ல. சில வெறும் குவார்ட்ஸ், வெந்நீர் கொண்டுவந்து நிரப்பியவை. லென்ஸில் பார்த்துக் குவார்ட்ஸோடு ஃபெல்ட்ஸ்பாரும் இருந்தால் மேலே போகலாம். அடுத்து, அந்த உருகல் இதே இடத்தில் உண்டானதா, வெளியிலிருந்து வந்து நுழைந்ததா என்று பாருங்கள். அதே இடத்தில் உருகியிருந்தால் வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் கறுப்பு விளிம்பு இருக்கும்: உருகாமல் பின்தங்கிய கறுப்பு மைக்கா, கார்னெட், சில்லிமனைட். கோட்டுக்குள்ளேயே குண்டுக் கார்னெட் உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது. கறுப்பு மைக்கா உடையும் அதே வினையில் உருகிய குழம்பும் கார்னெட்டும் கூடவே பிறக்கின்றன. வெளியிலிருந்து வந்ததென்றால் கோட்டின் சுவர்கள் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும், கறுப்பு விளிம்பு இருக்காது, உள்ளே வெள்ளை மைக்காவும் கறுப்பு ஊசிகளாக டூர்மலினும் தெரியும். பத்ரிநாத் பக்கமும், தௌளிகங்கைப் பள்ளத்தாக்கில் மலாரியிலும், கங்கோத்ரிக்கு மேலே சிவலிங்கம், பாகீரதி சிகரங்களிலும் இருக்கும் வெள்ளை கிரானைட்டுகள் இந்த வகை. கீழே ஊறிய உருகல் சின்னக் கோடுகளாகச் சேர்ந்து, மேலே வந்து பெரிய திரளாகத் தேங்கியது. பாகீரதி சிகரங்களில் வெள்ளை கிரானைட் சுவரின் தலைமேல் கறுப்புப் பாறை தொப்பி வைத்திருப்பதைத் தபோவனத்திலிருந்து (இது கோமுகத்துக்கு மேலே உள்ள தபோவனம், வெந்நீர் ஊற்று உள்ளதல்ல) வெறும் கண்ணால் பார்க்கலாம். மலையேறுகிறவர்கள் அந்தக் கறுப்புப் பகுதியைத் திட்டுவார்கள். நல்ல கிரானைட்டில் ஏறி வந்து கடைசியில் உதிரும் கல்லில் மாட்டிக்கொள்வதால்.

எது முதலில்

இப்போது நம் கேள்வி. ஒரு வெள்ளைக் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

அது துண்டு துண்டாக இழுபட்டோ மடிந்தோ இருக்கிறது, சுற்றிலும் உள்ள இலைப்பிளவு அதற்குள்ளும் நுழைந்து போகிறது, உள்ளிருக்கும் குவார்ட்ஸ் ரிப்பனாகி இருக்கிறது: உருகல் முந்தியது, ஷியர் பிந்தியது. மாறாக, கோடு எல்லாவற்றையும் குறுக்கே வெட்டி நேராகப் போகிறது, டூர்மலின் ஊசிகள் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடக்கின்றன: ஷியர் முடிந்தபின் வந்த உருகல். இவை இரண்டும் சுலபம்.

மூன்றாவதுதான் சுவையானது. நான் அடையாளம் வைக்கச் சொன்ன அந்தச் சரிவுப் பட்டைகளுக்குள் வெள்ளை உருகல் நிரம்பியிருக்கும். துண்டுபட்ட கறுப்புப் பட்டைகளின் இடைவெளியிலும் போய்த் தேங்கியிருக்கும். தேங்கிய இடத்தின் வடிவத்தைத் தீர்மானித்தது ஷியர். ஆனால் உள்ளே உள்ள படிகங்கள் இழுபடவில்லை, ஃபெல்ட்ஸ்பாரின் நேர் விளிம்புகள் அப்படியே இருக்கின்றன. குழம்பாக இருக்கும்போதே ஷியர் நடந்து, அது உறைந்ததும் அந்த இடத்தில் நின்றுவிட்டது என்று அர்த்தம். இந்தக் காட்சி கிடைத்தால் அரை நாள் அங்கேயே இருங்கள். அத்தையிடம் திட்டு வாங்கியது எனக்கு இப்படிப்பட்ட இடத்தில்தான். நடை சாத்தும் முன் போக வேண்டும் என்று அவர் கவலை அவருக்கு.

ஏன் இவ்வளவு முக்கியம்? பாறை முழுக்க உருக வேண்டியதில்லை. கிளாடியோ ரோசன்பெர்க்கும் மார்க் ஹாண்டியும் பழைய சோதனைகளை மறுபடி அலசி 2005இல் காட்டியது: ஏழு சதவீதம் அளவுக்கு உருகல் வந்து, துகள்களுக்கு இடையே ஒன்றோடொன்று இணைந்துவிட்டாலே பாறை தன் வலிமையில் பெரும்பங்கை இழந்துவிடும். பார்த்தால் திடப்பாறை, தாங்கும் சக்தி மட்டும் போய்விட்டது. அப்போது மலைத்தொடரின் நகர்வு முழுக்க அந்தப் பலவீனமான அடுக்கைத் தேடி வந்து குவியும். ஷியர் குவிந்தால் உருகல் வெளியேற வழி திறக்கும். உருகல் போய்விட்டால், இல்லை உறைந்துவிட்டால், அந்த அடுக்கு மறுபடி இறுகும். ஷியர் வேறு இடம் பார்க்கும். ஒரே வெட்டு முகத்தில் மூன்று வகைக் கோடுகளும் கிடைப்பது இதனால்தான்.

வருஷக் கணக்கு வேண்டுமென்றால் கோட்டிலுள்ள ஜிர்கான், மோனசைட் மணிகளை ஆய்வகத்தில் யுரேனியம்-ஈய முறையில் பார்க்க வேண்டும். வரிசையைச் சொல்ல ஆய்வகம் வேண்டாம், கண் போதும். வரிசை தப்பாக இருந்தால் வயதை எத்தனை தசமத்தில் சொன்னாலும் பிரயோஜனமில்லை.

கல்லிலிருந்து மலைக்கு

இதுவரை தெற்கு எல்லை. வடக்கு எல்லை இன்னும் விசித்திரம். மலாரிப் பக்கம் (எல்லைப் பகுதி, அனுமதி விவரத்தை ஜோஷிமட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்) அதே வால் பார்க்கும் முறையைச் செய்தால் விடை தலைகீழாக வரும்: மேல் பாறை வடக்கே இறங்கியிருக்கிறது. இது தென் திபெத்தியப் பிரிவு மண்டலம். எவரெஸ்ட் சிகரத்துக்கு அடியிலும் இதே மண்டலம் ஓடுகிறது. உச்சியில் இருப்பது கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல். கீழே வெந்த நைஸும் வெள்ளை கிரானைட்டும். மோதி நெருக்கும் மலைத்தொடரின் நடுவே, இழுத்துப் பிரிப்பதுபோல் நகரும் ஒரு தளம்.

நோட்டில் ஒரு குறுக்குவெட்டு வரையுங்கள். அடியில் தெற்கே ஏறும் ஷியர், மேலே வடக்கே இறங்கும் ஷியர், இரண்டும் வடக்கு நோக்கிச் சாய்ந்தவை, ஏறக்குறைய ஒரே காலத்தில், 2.3 கோடியிலிருந்து 1.5 கோடி வருஷத்துக்கு முன், இயங்கியவை. நடுவில் உருகல் நிறைந்த பலகை. அப்படியானால் நடுப்பலகை தெற்கு நோக்கி வெளியே வந்திருக்கிறது. 2001இல் கிறிஸ்டோபர் போமோன்ட் குழு கணினி மாதிரி ஒன்றைக் காட்டியது: திபெத்துக்குக் கீழே பாதி உருகிய நடு மேலோடு, மேலே இருக்கும் பீடபூமியின் பாரத்தால் அமுங்கி, மழை அரித்துத் திறந்துவைத்த தென் சரிவு வழியே பிதுங்கி வருகிறது. முறுக்கு உழக்கில் மாவு வருவதுபோலத்தான். மேலே அழுத்தும் கை திபெத், கீழே ஓட்டை போட்டது பருவமழை. பீடபூமி ஏன் 5000 மீட்டர் உயரத்தில் மேஜைபோலத் தட்டையாக இருக்கிறது என்பதற்கும் இது காரணம் சொல்கிறது: அடியில் பலவீனமான அடுக்கு இருந்தால் பெரிய மேடு பள்ளத்தை அது தாங்காது, வழிந்து சமன் செய்துவிடும். 1990களில் தென் திபெத்தில் நில அதிர்வு அலைகளை அனுப்பிப் பார்த்த இன்டெப்த் திட்டம், 15, 20 கிலோமீட்டர் ஆழத்தில் திரவம் இருப்பதற்கான அடையாளங்களைக் கண்டது.

எனக்கு இந்த மாதிரியில் முழு நம்பிக்கை இல்லை. பலகை பிதுங்கி வந்ததென்றால் உருகல் முதலில், அல்லது கூடவே, வந்திருக்க வேண்டும். முதலில் ஏறி, அழுத்தம் குறைந்து, அதனால் உருகிய கதையும் இருக்கிறது, நினைவில் வைக்கச் சொன்னேனே. அந்தக் கதையில் உருகல் காரணமல்ல, விளைவு. பத்ரி சாலையில் நான் பார்த்த கோடுகளில் இரண்டுக்கும் சாட்சி உண்டு. கீழ்ப்பகுதியில் வெள்ளைக் கோடு குறைவு, ஷியர் உக்கிரம். மேல்பகுதியில் உருகல் நிறைய, அதில் கணிசமானவை நேராகக் குறுக்கே வெட்டிப் போகும் பிந்தியவை. இமயம் முழுக்க ஒரே விடை பொருந்தும் என்று யாராவது சொன்னால், எந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை கோடுகளை எண்ணினீர்கள் என்று கேளுங்கள்.

பத்ரி போக முடியாதவர்கள்

சமையலறை மேடையில் தொடங்கலாம். காஷ்மீர் ஒயிட் என்ற பெயரில் விற்கும் கல்லுக்குக் காஷ்மீரோடு சம்பந்தமில்லை, அது எங்கள் மதுரைப் பக்கத்துக் கல். வெள்ளையில் சிவப்புப் புள்ளிகளாகத் தெரிவது கார்னெட். கிருஷ்ணகிரிப் பக்கம் வெட்டும் பாரடிஸோ ஸ்லாப்பில் சுழன்று ஓடும் வெளிர் வரிகளும் கறுப்பு விளிம்புகளும் மிக்மடைட் பாடப்புத்தகத்தின் முதல் பக்கம். பாலிஷ் போட்ட ஸ்லாப் கடையில் ஒரு மதியம் சுற்றினால் வால் பார்க்கவும், முந்தியது பிந்தியது பிரிக்கவும் நன்றாகப் பழகிவிடும். ஒன்றே ஒன்று: ஸ்லாப்பை எந்தத் திசையில் அறுத்தார்கள் என்று தெரியாததால் நகர்வுத் திசையை மட்டும் அதில் சொல்லாதீர்கள்.

அப்புறம் வெளியே வாருங்கள். பவானியிலிருந்து கிழக்கே காவிரி ஓடும் வழியும், மேற்கே பாலக்காட்டுக் கணவாயும் ஒரு பழைய ஷியர் மண்டலத்தின்மேல் இருக்கின்றன. பாலக்காடு-காவிரி ஷியர் மண்டலம் என்று பெயர். அது ஒரு பழைய கடல் மூடி இரண்டு நிலப்பகுதிகள் ஒட்டிக்கொண்ட தையல் என்று சிலரும், இல்லை என்று சிலரும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குத் தெற்கே மதுரை, கொடைக்கானல் பகுதிப் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி வருஷத்துக்கு முன், கோண்டுவானா கண்டம் ஒன்றுசேர்ந்தபோது, 900 டிகிரிக்கும் மேல் வெந்தவை. கெங்குவார்பட்டியில் கிடைக்கும் சஃபிரின் என்ற நீலக் கனிமம் அதற்குச் சாட்சி. கண்டிப் பக்கம் இலங்கையின் மலையகப் பாறைகளிலும் அதே காலத்து அதே சூடு பதிந்திருக்கிறது. ஆனால் இன்றைய கொடைக்கானலின் உயரம் அந்தப் பழைய மலையின் உயரமல்ல. அந்த மலை எப்போதோ அரிந்து போய்விட்டது; நாம் நிற்பது அதன் அடித்தளத்தில்.

அதனால் கொடைக்கானல் மலைச்சாலையில் பத்ரியில் தேடியதற்கு நேர் எதிரானதைத் தேடுங்கள். பத்ரியில் உருகல் வந்து சேர்ந்த இடத்தைப் பார்த்தோம். இங்கே உருகல் விட்டுப்போன இடம். வெள்ளை மைக்கா கிடையாது, கறுப்பு மைக்காவும் குறைவு. தண்ணீரும் உருகலும் வெளியேறிய பிறகு மிஞ்சிய கார்னெட், கார்டியரைட், சில்லிமனைட் நிறைந்த பட்டைகளும், பச்சை கலந்த பழுப்பில் எண்ணெய்ப் பளபளப்போடு சார்னகைட்டும் இருக்கும். ஸ்ப்ரே பாட்டிலை மறக்காதீர்கள். இந்த ஊர்ப் பாறைமேல் பாசியும் துருவும் படிந்திருக்கும், நனைத்தும் தெரியாவிட்டால் புதிதாக வெட்டிய முகம் வரும்வரை நடக்க வேண்டியதுதான்.